போனில் சொல்லாத சாவி

மாப்ள,

இன்று காலை கணினியில் நம் பழைய மென்பொருள் பேக்கேஜைத் திறந்தேன். கண்டெய்னர் யார்டுக்குப் புதிய மென்பொருள் வருகிறது. பழையதில் என்னென்ன வேலை நடந்தது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். காப்பு நகல்களில் தேடி எடுத்துத் திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தது. எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும், எங்கே கொண்டு வைக்க வேண்டும், தவறினால் யாருக்கு மெயில் போக வேண்டும், எல்லாம் வரிசையாக. பூட்டிய கோப்பைத் திறக்கும் சாவிக்கான கட்டம் மட்டும் காலி.

அது காலியாகத்தான் தெரியும், எனக்குத் தெரியாதா என்ன. நீ கடைசியாக உன் பெயரில் பூட்டிச் சேமித்தது. உன் லாகினில் உட்கார்ந்து திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். வேறு எவன் திறந்தாலும் வெறும் வெள்ளைக் கட்டம். தெரிந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர், "என்ன சார், எரரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று போன மாதத்திலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உன் வருசப் பூசை முடிந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது உன் மனைவி ஸ்டெல்லா என்னிடம் ஒன்று சொன்னாள். அதைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு மற்றது எதுவும் எழுத வராது.

நாம் இரண்டு பேரும் ஒரே வேலையின் இரண்டு பாதியைப் பார்த்தோம். ராயபுரத்தில் கப்பல் கயிறும் சங்கிலியும் விற்கிற கடைக்கு மேல் மாடியில் நம் ஆபீஸ். திருவொற்றியூர் தாண்டி இருக்கிற கண்டெய்னர் யார்டுக்கு நாம்தான் மென்பொருள். தினமும் காலையில் கப்பல் ஏஜெண்டுகளிடமிருந்து கோப்பு வரும். எந்த கண்டெய்னரை எந்த டிரெய்லர் எடுக்கப் போகிறது, டிரைவர் யார், அவர் லைசென்ஸ் எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். யாரும் வழியில் படித்துவிடக்கூடாது என்று ஏஜெண்டுகள் அதைப் பூட்டித்தான் அனுப்புவார்கள். கோப்பை எடுத்து வந்து சேர்க்கிற பேக்கேஜ் என்னுடையது. பூட்டைத் திறக்கிற புரோகிராம் கோடு உன்னுடையது. என் பேக்கேஜ் உன் கோடைக் கூப்பிடும். கூப்பிடும்போதே கோப்பையும் சாவியையும் கையில் கொடுக்கும். அப்படிக் கொடுப்பதற்குத்தான் பாராமீட்டர் என்று பெயர். நான் கொடுக்கிறவன், நீ வாங்குகிறவன்.

"எதுக்கு மாப்ள இந்தச் சுத்து? சாவியை உன் கோடுக்குள்ளயே எழுதி வச்சிரேன்" என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

"கோடு நாலு பேரு கைல பூடும் அண்ணாச்சி. சாவி போவக்கூடாது" என்றாய்.

என் அப்பா தெற்கேயிருந்து வந்து திருவொற்றியூரில் மளிகைக் கடை வைத்தவர் என்று தெரிந்த நாள் முதல் எனக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்துவிட்டாய். உன்னைவிடச் சின்னவன் என்று நான் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. ஆபீஸே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது. நீ காசிமேட்டுக்காரன். வெளியூர் கம்பெனிக்காரர்களோடு போனில் பேசும்போது உன் இங்கிலீஷ் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். போனை வைத்ததும், "இன்னா பேஜாருடா இவனுங்களோட" என்று தொடங்குவாய். நான் மேனேஜரிடம் மரியாதையாகப் பேசினால், "இன்னா அண்ணாச்சி, நியூஸ் வாசிக்கிற?" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

யார்டுக்காரர்கள் நம் ஆபீசுக்கு வந்திருந்த அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய திரையில் நான் பேக்கேஜை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் பச்சைப் பச்சையாக முடிந்தது. பெருமையில், ஓட்டத்தின் பதிவைத் திறந்து காட்டினேன். எந்த நேரத்தில் எந்த வேலை ஓடியது, எந்தப் பாராமீட்டரில் என்ன மதிப்பு போனது என்று கணினி தானாக எழுதி வைக்கிற பதிவு. சாவியை ரகசியம் என்று குறித்திருந்தால் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத்தான் வந்திருக்கும். நான் குறிக்க மறந்திருந்தேன். முழுச் சாவியும் எழுத்து எழுத்தாகத் திரையில் வந்து நின்றது. யார்டுக்காரர்கள் டீ பிஸ்கட்டில் இருந்தார்கள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

நீ எழுந்து வந்து புரொஜெக்டர் ஒயரைக் காலால் தட்டிவிட்டாய். திரை இருண்டது. "சாரி சார், இந்த ஏரியாவுல கரண்டு இப்டித்தான்" என்றாய். மின்விசிறி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் மேலே பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் ஏஜெண்டுகளுக்குப் போன் போட்டுச் சாவியை மாற்றச் சொல்லி, பழைய பதிவுகளை அழித்து, எல்லாவற்றையும் நீயே செய்தாய். பேக்கேஜையும் உன் சீட்டில் வைத்துத் திருத்தி, உன் பெயரில் பூட்டிச் சேமித்தாய். சாயங்காலம் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடைக்குக் கூட்டிப் போனாய். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் வாழைத்தண்டு சூப்பை என் பக்கம் நகர்த்தினாய். "துன்னு. வாய தொறந்தா மறுபடி எதுனா உளறுவ" என்றாய். மேனேஜருக்குக் கடைசிவரை தெரியாது. நீ சொல்லிக்காட்டியதும் இல்லை. இன்னொருவனாக இருந்தால் ஆயுசுக்கும் அதை வைத்து என்னை ஓட்டியிருப்பான்.

அதற்குப் பிறகுதான் சாவிக்கு எப்போதும் இரண்டு பேர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று நீ மேனேஜரிடம் பேசி விதியாக்கினாய். சாவிகளை வைப்பதற்கென்று கணினிக்குள்ளேயே ஒரு பெட்டகம். அதை இரண்டு பேரில் யாருடைய பாஸ்வேர்டும் திறக்கும். முதல் ஆள் நீ, இரண்டாவது ஆள் நான். என் பெயரைப் பதிய ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

"அண்ணாச்சி, உன் பேர போட்டுக்கோ. நான் லீவு கீவு போட்டா இன்னா பண்ணுவ?"

"நீ எங்க மாப்ள போகப்போற?"

எத்தனை முறை கேட்டாய், எத்தனை முறை இதையே சொன்னேன். சோம்பேறித்தனம்தான். வேறு நல்ல பெயர் அதற்கு இல்லை.

காய்ச்சல் என்று லீவு போட்டாய். மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு ஈரல் என்றார்கள். ஒரு சொட்டு குடிக்காதவனுக்கு ஈரலா என்று ஆபீசில் எல்லோரும் ஆச்சரியப்பட்டோம். ஆச்சரியப்படுவது சுலபம். ஆஸ்பத்திரி, ஆபீசிலிருந்து ஆட்டோவில் போனால் ஒரு பாட்டு முடிகிற தூரம். நான் வரவில்லை. உன் வேலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆளே அடையாளம் தெரியவில்லை என்றார்கள். எனக்கு உன்னை அப்படிப் பார்க்கப் பயமாக இருந்தது. கொஞ்சம் தேறட்டும், வீட்டுக்கு வந்த பிறகு போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். உனக்கு மெசேஜ் அனுப்புவேன். கட்டைவிரல் படம் அனுப்புவேன். நீயும் ஒரு கட்டைவிரல் அனுப்புவாய்.

அப்போதுதான் சர்வர் படுத்தது. நம் ஊர் உப்புக் காற்றுக்கு எந்த இரும்பு தாங்கும். புதிய சர்வரைக் கொண்டுவந்து வைத்து, பேக்கேஜை ஏற்றி ஓட்டினால் சாவிக் கட்டம் காலி. உன் பெயரில் பூட்டியது பழைய சர்வரோடு போயிற்று. பெட்டகத்தில் சாவி இருக்கிறது, அதைத் திறக்க உன் பாஸ்வேர்டு வேண்டும். இரண்டாவது ஆள் இருந்தால் அவன் திறக்கலாம். இரண்டாவது ஆள் யார் என்று மேனேஜர் கேட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கோப்பு திறக்காமல் எந்த டிரெய்லர் உள்ளே வரலாம் என்று யார்டு கேட்டில் தெரியாது. எண்ணூர் ரோட்டில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்க ஆரம்பித்துவிட்டன. யார்டு மேனேஜர் என் போனை விடவில்லை. நான் உனக்கு அடித்தேன். ஸ்டெல்லா எடுத்து உன்னிடம் கொடுத்தாள்.

"மாப்ள, எப்படி இருக்க?" என்று கேட்டேன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சர்வர் போச்சு மாப்ள. பாஸ்வேர்டைச் சொல்லு, நான் போட்டுக்கிடுதேன்."



"வண்டிலாம் நிக்குதா?"

"ரோடு பூரா நிக்குது."

"போன்ல சொல்லமாட்டேன் அண்ணாச்சி. வாயால சொன்னா அது சாவியே இல்ல. லேப்டாப்ப எட்த்துகினு நீ வா."

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த நிலைமையிலும் விதி பேசுகிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

வார்டில் உன்னைத் தேடினேன். உன் கட்டிலைத் தாண்டிப் போய்விட்டேன். "இன்னா அண்ணாச்சி, ஆளையே தெரியலியா?" என்று முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டதும் நின்றேன். கண் மஞ்சளாக, கழுத்தெலும்பு தெரிய, ஆனால் அதே நக்கல். "இளைச்சிட்டியே அண்ணாச்சி. கடைல அரிசி இல்லியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாய். சிரிக்க வேண்டும் என்று சிரித்தேன். குந்து என்றாய். நான் உட்காரவில்லை. லேப்டாப்பைத் திறந்து, என் போனிலிருந்து நெட் கொடுத்து, பெட்டகத்தின் வாசலைத் திரையில் கொண்டுவந்து உன் மடியில் வைத்தேன். ஸ்டெல்லா உனக்கு முதுகில் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

நம் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒருவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மேனேஜரானாலும் சரி, உயிர்த் தோழனானாலும் சரி. யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். உன் விரல் கீபோர்டுக்குப் போனதும் நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றேன். பச்சை பெயிண்ட் அடித்த சுவர். எச்சில் துப்பாதீர் என்று எழுதியிருந்தது.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. என் பையில் போன் அதிர்ந்தது, யார்டு மேனேஜர்.

"முடிஞ்சுதா மாப்ள?"

"இரு."

போன் நின்று மறுபடி அதிர்ந்தது.

"முடிஞ்சுதா?"

"இருடா. தப்பா போட்டுட்டேன்."

கை நடுங்குகிறது, எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். உதவட்டுமா என்று திரும்பவும் முடியாது. காலை மாற்றி மாற்றி வைத்து நின்றேன். "சீக்கிரம் மாப்ள, அங்க என்னைக் கிழிக்கிறாங்க" என்றேன். பிறகுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரே மூச்சில், வேகமாக, ஆபீசில் அடிக்கிற மாதிரியே அடித்தாய்.

"ம், பாரு."

திரும்பினேன். திரையைத்தான் பார்த்தேன். பெட்டகம் திறந்திருந்தது. சாவியைப் புதிய சர்வருக்கு மாற்றினாய். கேட்காமலே இரண்டாவது ஆளாக என் பெயரையும் சேர்த்தாய். "இனிமே என்னத் தேடி வர வேணாம் அண்ணாச்சி" என்றாய். நான் அதற்கும் சிரித்தேன், மாப்ள. முதல் கோப்பு திறந்தது என்று மெசேஜ் வந்தது, கேட் திறந்துவிட்டார்கள் என்று வந்தது. நான் கையை உயர்த்தி ஓ என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்தார்.

"குந்து, டீ வாங்கியாறச் சொல்றேன்" என்றாய்.

"ஆபீஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்க. நாளைக்கு வாரேன் மாப்ள."

ஆபீசில் யாரும் காத்துக்கொண்டிருக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது. நான் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, அண்ணாச்சி இல்லை என்றால் இன்று மானம் போயிருக்கும் என்றார். நான் பஜ்ஜி தின்றேன். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பிறகு ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான்.

உன் சாவில் எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். நாற்காலி, ஷாமியானா, கல்லறைக்கு வண்டி, எல்லாம் நான்தான். ஓடிக்கொண்டிருந்தால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் அல்லவா. ஒரு வருசமாக எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். வண்டிக்காரர்கள் வெயிலில் நின்றார்கள். வேலை வேலைதான். நீயே விதி பேசுகிறவன், என் இடத்தில் இருந்தால் நீயும் இதைத்தான் செய்திருப்பாய். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. போன மாதம் ஸ்டெல்லா பேசும்வரை தாங்கியது.

பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டாண்ணா? தப்பா நெனச்சிக்காதீங்க."

சொல்லும்மா என்றேன்.

"அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். போன்லயே சொல்லிடேன், அண்ணன் பாவம், வண்டிலாம் நிக்குதாமேன்னு கேட்டேன். அவரு சொல்றாரு, 'சொல்ட்டா அவன் எங்க வரப்போறான்? வரட்டும், ஒருதபா மூஞ்சியப் பாத்துக்கறேன்'னு."

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் நீங்க செவுத்தப் பாத்துகினு நின்னீங்கல்ல? அவ்ளோ நேரமும் உங்களத்தாண்ணா பாத்துகினு இருந்தாரு. கை சும்மாதான் கெடந்துச்சு."

"தப்பாப் போட்டுட்டேன்னானேம்மா?"

"ஒண்ணுமே போடலண்ணா. நான் பாத்துகினுதான இருந்தேன். நீங்க சீக்கிரம்னு சொன்னப்புறந்தான் கைய எடுத்தாரு."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு உங்கள் மேல் அவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியட்டும் என்றுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

மாப்ள, மூஞ்சியைப் பார்க்க என்று வரச் சொன்னாய். வந்தவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நீ இருந்தாய், உயிரோடு இருந்தாய், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் முடிஞ்சுதா, முடிஞ்சுதா என்று சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது சாவிக்கு நான் முதல் ஆள். இரண்டாவது ஆள் இருக்கிறார், அவர் பெயரைப் பதிந்த பிறகுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன். யாராவது பாஸ்வேர்டு அடித்தால் இன்றும் தானாகத் திரும்பிக்கொள்கிறேன். அப்படித் திரும்பி நிற்கும்போதெல்லாம் முதுகு கூசுகிறது. 'முடிஞ்சுதா' என்ற வார்த்தை வாய்வரை வருகிறது, விழுங்கிவிடுகிறேன். அவசரம் என்று போனில் யார் கத்தினாலும் சரி. எத்தனை நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நிற்கிறேன்.